துணி காயப்போட ஓர் இடம்

இந்த வீட்டை என் மகன் மஸ்கட்டில் இருந்துகொண்டே வாங்கினான். சுசீந்திரத்துக்கும் நாகர்கோவிலுக்கும் நடுவில், வயலை மண்ணிட்டு நிரப்பிக் கட்டிய குடியிருப்பு. இருபத்துச் சொச்சம் வீடுகள், எல்லாம் ஒரே அச்சு. வாசலில் ஒட்டியிருக்கும் எண்தான் வேறு. பாதிக்கு மேல் பூட்டிக் கிடக்கும். உரிமையாளர்கள் துபாய், குவைத், பெங்களூர் என்று இருக்கிறார்கள். திறந்திருக்கும் வீடுகளில் இருப்பது பெரும்பாலும் அவர்களைப் பெற்றவர்கள்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறு வருடம் நான் இங்கே குடிவந்தேன். கணவர் அதற்கு முன்பே போய்விட்டார். நான் நூலகத்தில் வேலை பார்த்தவள். சத்தம் போடாதீர்கள் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லியே சம்பளம் வாங்கியவளுக்கு, ஒரு சத்தமும் இல்லாத வீடு வாய்த்தது. காலையில் பால் பாக்கெட் விழும் சத்தம், பிறகு பெரிய ரோட்டில் பஸ் ஹாரன், சாயங்காலம் மகனின் போன். இடையில் மிக்சியை ஓட்டினால் அதுவே பெரிய ஆரவாரமாக இருக்கும்.

வீடுகளின் பின்பக்கம் ஒரு பொது இடம் இருந்தது. கட்டியவர்கள் பூங்கா என்று படத்தில் காட்டி, பிறகு மறந்துபோன இடம். பழைய வயல் வரப்பில் நின்ற நாலைந்து தென்னைகள், காட்டுச்செடி, கட்டிட வேலையில் மிஞ்சிய ஜல்லிக் குவியல். தென்னைகளுக்கு நடுவே யாரோ முதலில் ஒரு நைலான் கயிறு கட்டியிருக்கிறார்கள். நான் வந்தபோது அது நாலைந்து கயிறாக ஆகியிருந்தது. எங்கள் மொட்டைமாடிகளுக்கு ஏறும் படி செங்குத்தானது. ஈரத்துணி வாளியோடு அறுபது வயதில் ஏற முடியாது. அதனால் குடியிருந்தவர்கள் எல்லோருமே துணியை அங்கேதான் காயப்போட்டோம்.

அங்கேதான் அவளைப் பார்த்தேன். என் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி, அந்தப் பொது இடத்தைப் பார்த்தபடி பின்வாசல் உள்ள வீடு அவளுடையது. என்னைவிட இரண்டு மூன்று வயது இளையவள். அருமனைப் பக்கத்துக்காரி. சொல்லு என்பதை செல்லு என்பாள். அவள் கணவர் அங்கே ரப்பர் வியாபாரம் செய்தவர். பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. நாகர்கோவில் ஆஸ்பத்திரிக்கு அடிக்கடி அலைய வேண்டியிருந்ததால் ஊரை விட்டு இங்கே வந்திருந்தார்கள். அவரால் பேச முடியும், தெளிவாக வராது. ஏதாவது வேண்டுமென்றால் எவர்சில்வர் டம்ளரால் கட்டில் சட்டத்தில் தட்டுவார். கொடியடியில் நின்றால் அந்தச் சத்தம் கேட்கும். கேட்டதும் கையிலிருப்பதை அப்படியே என் தோளில் போட்டுவிட்டு, "இன்னா வந்துட்டேன் அக்கா" என்று ஓடுவாள்.

எங்கள் பேச்சில் பெரும்பாலும் பெரிய விஷயம் ஒன்றும் இருக்காது. கறிக்கு என்ன வைத்தாய், உன் மகள் கூப்பிட்டாளா, இந்தத் தண்ணீரில் சோப்பு நுரைக்கிறதா. ஆனி ஆடியில் காற்று அடித்தால் போர்வையின் ஒரு முனையை அவளும் மறு முனையை நானும் பிடித்துக்கொண்டு கிளிப் போடுவோம். ஒருநாள் என் சேலை பறந்து ஜல்லிக் குவியலைத் தாண்டி வயலில் போய் விழுந்தது. நாற்று நட்டுக்கொண்டிருந்த பெண்கள் அதைத் தூக்கிக் காட்டிச் சிரித்தார்கள். அவளும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நானும் அந்த வருடத்தில் அப்படிச் சிரித்தது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன்.

நாங்கள் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போனதே இல்லை. அது தேவையாகவும் படவில்லை.

பூங்கா பேச்சு வந்தது சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில். காவலர் அறைக்கு மேலே உள்ள கூடத்தில் நாங்கள் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தோம். வெளிநாட்டில் இருப்பவர்கள் சுவரில் இருந்த டிவியில் சின்னச் சின்னக் கட்டங்களாகத் தெரிந்தார்கள். அதில் ஒரு கட்டத்தில் என் மகன். சங்கச் செயலாளர் நாகர்கோவிலில் டைல்ஸ் கடை வைத்திருப்பவர், மரியாதையான மனிதர். திருவனந்தபுரத்திலிருந்து ஒரு நிறுவனம் வரைந்து கொடுத்த படத்தைக் காட்டினார். வெல்வெட் விரித்தது போலப் புல்தரை, வளைந்து போகும் கல் பாதை, நடுவில் நீரூற்று, ஓரத்தில் அலங்காரப் பனைகள், பெஞ்சுகள், குட்டை விளக்குகள். படத்துக்குள் ஒரு வெள்ளைக்காரப் பெண் நாயோடு நடந்துகொண்டிருந்தாள். எங்கள் குடியிருப்பில் நாயே கிடையாது.

மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு பொறியாளர் மட்டும் எதிர்த்தார். போட்ட காசோடு முடியாது, புல்லுக்குத் தினமும் தண்ணீர் வேண்டும், வெட்ட ஆள் வேண்டும், இதில் நடக்கப் போவது யார் என்று கேட்டார். செயலாளர் பொறுமையாகப் பதில் சொன்னார். வீடு பார்க்க வருகிறவர்கள் உள்ளே சமையலறையைப் பார்ப்பதற்கு முன்னால் சுற்றுப்புறத்தைத்தான் பார்க்கிறார்கள், இந்தக் காட்டுச்செடியையும் கயிற்றையும் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனவர்கள் உண்டு, நல்ல தோட்டம் இருந்தால் வாடகையும் கூடும் விலையும் கூடும் என்றார். டிவியில் இருந்தவர்கள் தலையாட்டினார்கள். அவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு வோட்டு உண்டு. எனக்கு இல்லை, வீடு மகன் பெயரில் இருக்கிறது.

நான் ஒன்றுதான் கேட்டேன். துணியை எங்கே காயப்போடுவது?

"ஒவ்வொரு வீட்டுக்கும் மொட்டைமாடி உண்டும்லா அம்மா," என்றார் செயலாளர். "மேல கட்டினா இன்னும் வேகமா காயும்."

அது சரியான பதில்தான். அவள் கூட்டத்துக்கு வரவில்லை. கணவரைத் தனியாக விட்டுவிட்டு அவ்வளவு நேரம் வர முடியாது. வந்திருந்தாலும் நாங்கள் இருவரும் சேர்ந்து என்ன சொல்லியிருப்போம் என்று தெரியவில்லை. கயிற்றில் தொங்குவதற்குத் துணி என்று ஒரு பெயர் இருந்தது. அதனடியில் நடந்ததற்குப் பெயர் எதுவும் கிடையாது. பெயர் இல்லாததைக் கூட்டத்தில் எப்படிச் சொல்வது?

வேலை இரண்டு மாதத்துக்கு மேல் இழுத்தது. தேங்காய் தலையில் விழும் என்று தென்னைகளை முதலில் எடுத்தார்கள். லாரியில் புல் வந்தது, பாய் போலச் சுருட்டி அடுக்கி. சதுரம் சதுரமாக விரித்துத் தண்ணீர் தெளித்தார்கள். முடிந்த அன்று நான் போய்ப் பார்த்தேன். அழகாக இருந்தது. அதை மறைத்துச் சொல்ல எனக்கு விருப்பம் இல்லை. சாயங்கால வெளிச்சத்தில் அந்தப் பச்சையும், அதற்கு அப்பால் நெல் வயலின் இன்னொரு பச்சையும், தூரத்தில் கோயில் கோபுரமும் சேர்ந்து, காலண்டர் படம் போல இருந்தது. நான் போட்டோ எடுத்து மகனுக்கு அனுப்பினேன். அவன் அதைத் தன் அலுவலகத்தில் எல்லோருக்கும் காட்டினானாம்.

நான் தினமும் சாயங்காலம் போய் நீரூற்றுக்கு எதிரே பெஞ்சில் உட்கார ஆரம்பித்தேன். அவள் வருவாள் என்று நினைத்தேன். துணி இல்லாவிட்டால் என்ன, உட்கார்ந்தே பேசலாமே, இன்னும் வசதிதானே. ஒரு வாரம் ஆயிற்று, இரண்டு வாரம் ஆயிற்று. அவள் வீட்டின் பின்கதவு சாத்தியே இருந்தது. எதிரே தண்ணீர் மேலே போய் விழுந்துகொண்டிருந்தது. வேறு யாராவது வந்தாலும் காதில் எதையோ மாட்டிக்கொண்டு வேகமாக நடந்து கடந்து போவார்கள். பார்த்துத் தலையசைப்பார்கள்.

ஒருநாள் ஏத்தன்பழம் ஒரு சீப்பு வாங்கிக்கொண்டு நானே அவள் வீட்டுக்குப் போனேன். கட்டில் முன்கூடத்திலேயே போட்டிருந்தது. அவர் விழித்துக்கொண்டு படுத்திருந்தார். என்னைப் பார்த்து நல்ல கையைத் தூக்கினார். அவள் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள், காப்பி கொண்டுவந்தாள், பிஸ்கட்டைத் தட்டில் வட்டமாக அடுக்கி வைத்தாள். விருந்தாளி ஆகிவிட்டேன். அவர் கேட்டுக்கொண்டிருக்கும்போது நாங்கள் என்ன பேசுவது? மருந்து பற்றிப் பேசினோம், மழை பற்றிப் பேசினோம். கொடியடியில் அவள் அவரைப் பற்றிச் சொல்லி அழுதிருக்கிறாள், அவரைப் பற்றிச் சொல்லிச் சிரித்தும் இருக்கிறாள். அந்த வார்த்தைகளில் ஒன்றைக்கூட அந்தக் கூடத்துக்குள் கொண்டுவர முடியாது.

வாசல் வரை வந்தவளிடம், சாயங்காலம் பெஞ்சுக்கு வரக் கூடாதா என்று கேட்டேன்.

அவள் உள்ளே ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "துணி காயப்போடப் போறேன்னு செல்லிட்டு எறங்கலாம் அக்கா. அக்காகிட்ட பேசப் போறேன்னு செல்லிட்டு எறங்க முடியுமா? எழும்ப முடியாம கெடக்கிய மனுசன்கிட்ட."

பிறகு, அந்தப் பெஞ்சில் இருந்தால் டம்ளர் தட்டும் சத்தம் கேட்காது என்றாள். நான் இல்லாத நேரத்தில் ஒருநாள் வந்து பார்த்தாளாம். நீரூற்றுச் சத்தத்தில் ஒன்றுமே கேட்கவில்லையாம். திரும்பிப் போனபோது அவர் தட்டித் தட்டி டம்ளரையே கீழே போட்டிருந்தாராம். அவர் கோபப்படவில்லை, கண்ணை மூடிக்கொண்டார், அதுதான் தாங்க முடியவில்லை என்றாள்.

நான் மறுநாளே செயலாளரைப் போய்ப் பார்த்தேன். பம்ப் அறைக்குப் பின்னால், யார் கண்ணிலும் படாத மூலையில், ஒரு கயிறு கட்டிக்கொள்ளலாமா என்று கேட்டேன். தன்னால் மட்டும் முடிவு செய்ய முடியாது என்று சொல்லி வாட்ஸ்அப் குழுவில் போட்டார். ஒருவர் சிரிக்கும் பொம்மை போட்டார். துபாயிலிருந்து ஒரு பெண், இவ்வளவு செலவழித்துவிட்டு மறுபடியும் துணி தொங்கவிட்டால் எதற்காகச் செய்தோம் என்று கேட்டாள். அதற்கு ஏழெட்டுப் பேர் கட்டைவிரல் தூக்கினார்கள். அதோடு முடிந்தது.

அன்று சாயங்காலம் மகன் கூப்பிட்டான். குழுவில் என் பெயரைப் பார்த்து அவனுக்குச் சங்கடமாகிவிட்டது.

"சொல்லியிருக்கலாம்லா அம்மா. மாடிப்படி ஏற முடியாம நீ கஷ்டப்படுதேன்னு எனக்குத் தெரியாமப் போச்சு. டிரையர் ஒண்ணு ஆர்டர் போட்டிருக்கேன்."

அந்த வாரமே வந்தது. நல்ல சாமான், நல்ல பிள்ளை. துணி அரை மணி நேரத்தில் காய்ந்து, சூடாக வெளியே வந்தது, யாரோ இப்போதுதான் உடம்பிலிருந்து கழற்றிப் போட்ட மாதிரி. முதல் தடவை என் சேலையை மடியில் வைத்துக்கொண்டு சூடு ஆறும்வரை உட்கார்ந்திருந்தேன்.

மார்கழி பிறக்கும் முன் அவள் கணவர் போய்விட்டார். தூக்கத்திலேயே. அருமனையிலிருந்து சொந்தக்காரர்கள் வேன் பிடித்து வந்தார்கள். ஊருக்கே கொண்டுபோய் அடக்கம் செய்தார்கள். நான் அவள் பக்கத்தில் போய் நின்றேன், கையைப் பிடித்தேன், அவ்வளவுதான் முடிந்தது. காரியமெல்லாம் முடிந்து அவள் திரும்பி வந்தபோது கூடவே மகள் வந்திருந்தாள். ஓசூரில் வேலை. அம்மாவைத் தனியாக விட முடியாது, வீட்டை விற்றுவிட்டு அங்கே கூட்டிப் போகப் போகிறேன் என்றாள். நியாயம்தான்.

இனி அவள் யாரிடமும் காரணம் சொல்லாமல் பின்வாசலில் இறங்கலாம் என்று ஒரு நினைப்பு எனக்குள் ஓடியதை நான் யாரிடமும் சொல்லவில்லை. அப்படி ஒரு மாதம்கூட வாய்க்கவில்லை. முதலில் வீடு பார்க்க வந்த குடும்பமே முன்பணம் கொடுத்துவிட்டது.

போவதற்கு இரண்டு நாள் முன்னால் அவளே வந்தாள். நான் பெஞ்சில் இருந்தேன். மெல்ல நடந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். நாங்கள் இருவரும் அந்தப் பெஞ்சில் சேர்ந்து உட்கார்ந்தது அந்த ஒரே தடவைதான். அவள் கை சும்மா இருக்கத் தெரியாமல் சேலை முந்தானையை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தது.

வீடு வாங்குகிறவர்கள் எப்படி என்று கேட்டேன். இளம் தம்பதி, இரண்டு பேரும் ஆஸ்பத்திரியில் வேலை என்றாள். வந்தவர்கள் வீட்டுக்குள் அதிகம் பார்க்கவே இல்லையாம்.

"பின்னால கதவத் தொறந்து இந்தத் தோட்டத்தக் கண்டாவ. அதோட செரின்னு செல்லியாச்சு. கேட்ட விலையில ஒண்ணும் கொறைக்கல்ல."

அந்தப் பணத்தில் மகள் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு சின்ன வீடு பார்த்திருக்கிறார்களாம். மருமகன் வீட்டுக்குள் போய் ஒடுங்கிக் கிடக்க வேண்டியதில்லை, தனக்கென்று ஒரு அடுப்பு இருக்கும் என்றாள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் நிம்மதி தெரிந்தது.

"நம்ம கொடியப் பிடுங்கினப்போ எனக்கு ஆத்திரம்தான் அக்கா," என்றாள். "ஆனா பொய் செல்லப்பிடாது. கடைசியில இதுதான் எனக்கு உதவிச்சு."

எனக்கு எதையெல்லாமோ இல்லாமல் ஆக்கிய அதே புல்தரை அவளுக்கு ஒரு வீட்டைக் கொடுத்திருந்தது. நல்லதுதான் என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

அவள் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "ஒண்ணு செல்லட்டா? காஞ்ச துண்டையே நனைச்சு எடுத்துட்டு வருவேன், எத்தனையோ நாளு. அங்க கொடியில அக்கா நிக்கியது தெரிஞ்சா."

"எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா?" என்றேன். "நான் ஒத்தக்கட்டை. எனக்கு தினமும் ஒரு வாளித் துணி எங்கேருந்து வரும்? ஜன்னல் திரையை எத்தனை தடவை துவைச்சிருப்பேன்."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். இருட்டும்வரை அப்படியே இருந்தோம். விளக்குகள் தானாக எரிந்தபோது எழுந்து போனாள்.

அடுத்த ஐப்பசி மழையில் புல்தரை இரண்டு தடவை மூழ்கியது. என்னதான் மண்ணிட்டாலும் அது வயல்; தண்ணீருக்குப் பழைய வழி தெரியும். வடிந்த பிறகு ஒரு பக்கம் புல் அழுகி மஞ்சளானது. நீரூற்று மோட்டார் கெட்டுப்போய்ச் சரிசெய்தார்கள். அந்த வருடக் கூட்டத்தில், இதைத் தொடர்ந்து பராமரிப்பதா, பாதியைக் கைவிட்டு வெறும் சரளைக் கல் கொட்டிவிடுவதா என்று வாக்கெடுப்பு. போட்ட காசுக்குப் பலன் உண்டா இல்லையா என்று அரை மணி நேரம் பேசினார்கள். பொறியாளர், நான் அப்பவே சொன்னேன் என்றார். செயலாளர், தோட்டம் வந்த பிறகு விற்ற வீட்டின் விலையை எடுத்துச் சொன்னார். அவள் வீடுதான் உதாரணம். அந்த வீட்டில் யார் இருந்தார்கள் என்று அங்கே யாரும் பேசவில்லை. எண்ணைச் சொன்னாலே எல்லோருக்கும் போதுமானதாக இருந்தது.

கூட்டத்துக்கு முந்தின நாள் மகன் என்னிடம், "அங்க இருக்கது நீதானே அம்மா. எனக்குப் பதிலா நீயே பார்த்து வோட்டுப் போடு" என்று சொல்லியிருந்தான். முதல் தடவையாக எனக்கு ஒரு வோட்டு இருந்தது.

நான் தொடரட்டும் என்று கை தூக்கினேன். பொறியாளர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். கயிறு கேட்டவள்தானே நான். எனக்கு விளக்கம் சொல்லத் தோன்றவில்லை. சரளைக் கல் கொட்டினால் தென்னை திரும்பி வரப்போவதில்லை, பின்கதவைத் திறந்துகொண்டு யாரும் வரப்போவதும் இல்லை. இங்கே இன்னும் இரண்டு மூன்று வீடுகளில் படுத்த படுக்கையாக ஒருவரும், அவரைப் பார்த்துக்கொண்டு இன்னொருவரும் இருக்கிறார்கள். நாளைக்கு அவர்களில் ஒருத்திக்கு வீட்டை விற்க வேண்டி வரலாம். பச்சையாக இருந்தால் நல்ல விலை கிடைக்கும். வேறு காரணம் எதுவும் இல்லை.

வீட்டுக்கு வந்து, சின்ன வெங்காயம் போட்டு வைத்த உள்ளித்தீயலைச் சூடு பண்ணிக்கொண்டிருந்தபோது அவள் கூப்பிட்டாள். மாதம் ஒருமுறையாவது கூப்பிடுவாள். ஓசூரில் குளிர் என்றாள், பக்கத்து வீட்டுக்காரர்கள் கன்னடம் பேசுகிறார்கள் என்றாள், மகள் நன்றாகப் பார்த்துக்கொள்கிறாள் என்றாள். என்ன கறி என்று கேட்டாள், சொன்னேன். அங்கே சின்ன உள்ளி உரித்தால் வாசனையே இல்லை என்றாள். கூட்டத்தைப் பற்றி நான் சொல்லவில்லை.

போனில் பேசுவதற்கு நாங்கள் பழகவில்லை. வைக்கட்டுமா என்று அவளும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. அவள் பக்கம் ஒரு பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. நான் அடுப்பைக் குறைத்துவிட்டு, போனைக் காதோடு பிடித்துக்கொண்டு நின்றேன்.